கப்பலில் வேலை: சில கேள்விகள், பதில்கள்

சொகுசுக் கப்பல் வேலைக்கு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். தரலாமா?
*— கேட்டரிங் மாணவர், திருநெல்வேலி*

தராதீர்கள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சிடிசி (கப்பல் ஊழியருக்கான பதிவுப் புத்தகம்), மருத்துவச் சான்று, இவற்றின் செலவு உங்களுடையது. விசாச் செலவு கப்பல்காரருடையது. ஏஜென்டின் ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் சேர்ப்பதற்கான) உரிம எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் சரிபாருங்கள். எண்ணைச் சொல்ல இழுத்தடித்தால் அந்தப் படியை மறுபடி மிதிக்காதீர்கள்.

என் மகளுக்குத் தினமும் பதினோரு மணி நேர வேலை, வார லீவே கிடையாதாம். இது சட்டப்படி சரியா?
*— ஓர் அம்மா, மதுரை*

லீவு இல்லாததுதான் கப்பல் வழக்கம், அம்மா. ஆறு முதல் ஒன்பது மாதக் கான்ட்ராக்ட் முழுக்க இப்படித்தான் ஓடும். ஆனால் அதே உடன்படிக்கைப்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும். அந்தப் பத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பகுதி தொடர்ந்து 6 மணியாவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் பதினோரு மணி நேரம் அடங்கிவிடும். ஓய்வு நேரப் பதிவேட்டில் உண்மையான நேரம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மூன்று கான்ட்ராக்ட் முடித்தும் அசிஸ்டன்ட் வெயிட்டராகவே இருக்கிறேன். நன்றாகத்தானே உழைக்கிறேன்?
*— தூத்துக்குடி வாசகர்*

உழைப்பைப் பார்த்தவர் உங்களோடு அடுத்த கப்பலுக்கு வர மாட்டார், அதுதான் சிக்கல். புதிய ஹெட் வெயிட்டருக்கு உங்களைப் பற்றித் தெரிவதெல்லாம், போன கான்ட்ராக்டின் முடிவில் எழுதிய மதிப்பீடு மட்டுமே. நம் பிள்ளைகள் பலர் சைன் ஆஃப் (கான்ட்ராக்ட் முடிந்து கப்பலை விட்டு இறங்கும்) அவசரத்தில் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். கான்ட்ராக்டின் பாதியிலேயே மேலாளரிடம் பேசுங்கள்: "வெயிட்டர் ஆக எனக்கு என்ன குறை?" அவர் சொன்னதைச் சரிசெய்த பிறகு, பதவி உயர்வுக்குப் பரிந்துரையை எழுத்தில் கேளுங்கள். விருந்தினர் கருத்துப் படிவத்தில் உங்கள் பெயர் வருவதும் உதவும்.

இன்னொன்று, காலியிடம் வேண்டுமே! நிறுவனம் புதுக் கப்பல் இறக்கும்போது எல்லாப் படியிலும் ஆள் தேவைப்படும். போகத் தயார் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழகிய கப்பல், பழகிய நண்பர்கள் என்று ஒட்டிக்கொண்டவர்கள் தேங்கிப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். உயர்ந்த பதவியில் டிப்ஸ் குறையக்கூடும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசர் ஆபாசமாகப் பேசுகிறார். அவரைத் தாண்டிப் புகார் செய்யலாமா?
*— பெயர் வேண்டாம்*

தாராளமாக. நேரே கேப்டனிடமே போகலாம், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும் உரிமை உண்டு. புகார் செய்ததற்காகப் பழிவாங்குவதைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடுக்கிறது. தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். தாமதிக்காதீர்கள், சிசிடிவி பதிவுகள் அழிந்துவிடும்.

பயணிகளோடு நட்பாகப் பழகலாமா?
*— கொச்சியில் பயிற்சி பெறுபவர்*

சிரித்துப் பேசலாம். அவர்கள் அறைக்குள் போனால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடுவார்கள்.