கேளுங்க, சொல்றோம்: பொண்ணு கேன்சர் ஆராய்ச்சிக்குப் போகோணும்ங்கறா

கேள்வி: வணக்கமுங்க டாக்டரம்மா. பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறனுங்க. பொண்ணு கோயமுத்தூர்ல எம்எஸ்சி பயோடெக் முடிச்சுட்டு கேன்சர் மாலிக்யூலர் பயாலஜில பிஎச்டி பண்ணோணும்ங்கறா. அஞ்சாறு வருசம் ஆகுமாமுங்க. அத்தனை வருசம் போனாலும் மருந்து கண்டுபுடிச்சுருவாளான்னு சொந்தத்துல கேக்கறாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அனுப்பலாமுங்களா?

பதில்: அனுப்புங்கண்ணா. மருந்து கண்டுபுடிப்பாளான்னா அனேகமா மாட்டா, அது எந்த ஒருத்தராலயும் முடியற காரியமில்லீங்க. சொந்தக்காரங்க கேக்கற கேள்வியே சரியில்ல, அதைச் சொல்ல உங்க தொழில்லயே ஆதாரம் இருக்குது.

1909-ல நியூயார்க்ல இருந்த ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ங்கற ஆராய்ச்சிக்கூடத்துக்கு நெஞ்சுல கட்டி வந்த ஒரு கோழி வந்துச்சு. அங்க வேலை செஞ்ச பெய்டன் ரௌஸ்ங்கற விஞ்ஞானி அந்தக் கட்டிய அரைச்சு, செல்லோ பாக்டீரியாவோ ஒண்ணுகூட போக முடியாத ஃபில்டர்ல வடிகட்டி, அந்தச் சாற வேற கோழிகளுக்கு ஊசில ஏத்தினாரு, அதுகளுக்கும் கட்டி வந்துச்சு. அப்ப அந்தக் கேன்சர வர வெச்சது அதுகளை விடச் சின்னதான வைரஸ்தான்னு தெரிஞ்சுது. 1911-ல எழுதினாரு, பெருசா யாரும் கண்டுக்கல, அவரும் கொஞ்ச வருசத்துல வேற ஆராய்ச்சிக்குப் போயிட்டாரு. நோபல் குடுத்தது 1966-ல, அப்ப அவருக்கு 87 வயசு.

கதை அதோட முடியலீங்க, எனக்கு இதுக்கு அப்புறம்தான் ரொம்பப் புடிக்கும். 1976-ல பிஷப், வார்மஸ்ங்கற அமெரிக்க விஞ்ஞானிங்களோட குழு அந்த வைரஸோட கேன்சர் ஜீனத் தேடிப் பாத்தா, அது வைரஸோட சொந்தச் சரக்கே இல்ல, கோழிகிட்ட இருந்து எடுத்துக்கிட்டது! அந்த ஜீன் நல்லாயிருக்கற கோழிலயும் இருக்குது, நம்ம உடம்புலயும் இருக்குது, செல்லு வளரோணும்னா சிக்னல் குடுக்கறது அதோட வேலை, அது கெட்டுப் போய் நிக்காம சிக்னல் குடுத்துட்டே இருந்தா கட்டி. இதுக்கு 1989-ல நோபல். அந்த ஜீன் செய்யற புரோட்டீன், மத்த புரோட்டீன்கள முடுக்கி விடற டைரோசின் கைனேஸ்ங்கற வகைன்னு பின்னால தெரிஞ்சுது. சிஎம்எல்ங்கற ரத்தப்புத்துநோய்ல ஜீனுங்க இருக்கற குரோமோசோம்கள்ல 9-ம் 22-ம் துண்டு மாறி ஒட்டிக்குதுன்னு 1973-ல ஜேனட் ரௌலிங்கற அமெரிக்க விஞ்ஞானி காட்டினாங்க, அந்த ஒட்டுல பொறக்கற புரோட்டீனும் அதே வகைதான், அதை அடக்கற இமாட்டினிப் மாத்திரை 2001-ல வந்துச்சு. முன்னெல்லாம் சில வருசம்தான்னு இருந்த நோயாளிங்க இப்ப மாத்திரைய முழுங்கிட்டு வேலைக்குப் போறாங்க. 2013-ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு பேட்டன்ட் கெடையாதுன்னதால நம்ம கம்பெனிங்க அதைக் கம்மி விலைல செய்ய முடியுது.

கோழில இருந்து மாத்திரைக்கு 90 வருசமுங்க. நடுவுல வேலை செஞ்ச முக்காவாசிப் பேரு எந்த மருந்தையும் கண்டுபுடிக்கல, அவங்க இல்லாம மாத்திரையும் இல்ல. உங்க பொண்ணு எடுத்த கேள்விக்கு, அடுத்தவங்க நம்பி மேல கட்டற மாதிரி ஒரு பதில் கொண்டு வந்தாளான்னுதான் பாக்கோணும்.

காசு விசயம்: சிஎஸ்ஐஆர் நெட்ங்கற தேசியத் தேர்வுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000, ரெண்டு வருசம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நீங்க செலவு பண்ண வேண்டியதில்ல. நவி மும்பைல ஆக்ட்ரெக்ங்கற கேன்சர் ஆராய்ச்சி மையம், திருவனந்தபுரத்துல ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி சென்டர், பெங்களூருல ஐஐஎஸ்சி எல்லாத்துக்கும் போடச் சொல்லுங்க. எடத்தோட பேர விட கைடு முக்கியம், சேர்றதுக்கு முன்னால அந்த லேப்ல படிக்கற புள்ளைங்ககிட்ட தனியா பேசச் சொல்லுங்க, ஆராய்ச்சிக் கட்டுரைல யாரு பேரு மொதல்ல வருது, எத்தன பேரு நடுவுல விட்டுட்டுப் போனாங்கன்னு அவங்கதான் உள்ளத உள்ளபடி சொல்லுவாங்க. வேலை கஷ்டம்தானுங்க, வளர்க்கற செல்லுக்கு ஞாயித்துக்கிழமையும் தீனி வெக்கோணும், மைக்கோபிளாஸ்மாங்கற பாக்டீரியா புகுந்துட்டா உங்க பண்ணைல சீக்கு புகுந்த மாதிரிதான், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கோணும். பண்ணைல வளந்த புள்ளைக்கு இது புதுசா இருக்காது.

கேள்வி (நாமக்கல் வாசகி): முட்டைக்கோழிக் குஞ்சுக்கு மேரெக்ஸ் ஊசி போடறது கோழி கேன்சருக்குன்னு சொல்றாங்க. அப்ப முட்டை சாப்புட்டா நமக்கும் வருமுங்களா?

பதில்: வராதுங்கம்மா. மேரெக்ஸ்ங்கற அந்தக் கோழி நோய்க்குக் காரணம் ஹெர்பிஸ் வகை வைரஸ், அதால மனுசனுக்குக் கேன்சர் வரும்னு எந்த ஆதாரமும் இல்ல. முட்டைய நல்லா வேக வெச்சு கொழந்தைகளுக்குக் குடுங்க.