கேள்வி–பதில்: துப்பாக்கியை வைத்துவிட்டுத் தூரிகை எடுத்தவர்கள்

போன இதழில் இத்தாலியச் சிறைக்கைதிகள் கட்டிய சிற்றாலயத்தின் படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

படத்தில் இருந்த ஆலயத்தைக் கட்டியவர் யார்? சிப்பாயாக இருந்தவருக்கு இதெல்லாம் எப்படி வந்தது?
வாசகர், பெரம்பூர்

டொமெனிகோ கியோக்கெட்டி. 1910இல் பிறந்தவர், வட இத்தாலியின் மொயேனா ஊர்க்காரர். வட ஆப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்ட இத்தாலியர்கள் பலரை ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் இவரும் ஒருவர். 1939 அக்டோபர் 14 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அங்கே ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்துக்குள் புகுந்து 'ராயல் ஓக்' போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டது. மறுபடி யாரும் நுழையாதபடி தீவுகளுக்கு இடையே கல்லும் கான்கிரீட்டும் போட்டு அடைக்கிற வேலைக்குத்தான் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். போர்க்கைதிகளைப் போர் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஜெனீவா ஒப்பந்தம். அதைச் சொல்லி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தீவு மக்கள் போய்வரச் சாலை போடுவதாக விளக்கம் சொன்ன பிறகே வேலை தொடர்ந்தது. ஆலயத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

லாம்ப் ஹோம் தீவின் 60ஆம் எண் முகாமில், 1943இல், அரைவட்டத் தகரக் கொட்டகைகள் இரண்டு அவர்களுக்குக் கிடைத்தன. இரண்டையும் முனையோடு முனை சேர்த்தார்கள். நெளிதகரத்தை மறைக்க உள்ளே பிளாஸ்டர்போர்டு அடித்து, அதன்மேல் செங்கலும் செதுக்குக் கல்லும் போலவே கியோக்கெட்டி வண்ணம் தீட்டினார். படத்தில் நீங்கள் பார்த்த 'செதுக்கு வேலை' எல்லாம் தட்டைப் பலகைமேல் நிழலும் வெளிச்சமும்தான். கைவைத்துத் தடவினால்தான் தெரியும். பலிபீடம் கான்கிரீட். விளக்குக் கூடுகள் மாட்டிறைச்சி அடைத்து வந்த தகர டின்கள். பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும் இரும்புத் தடுப்பு பலும்பி என்ற கொல்லர் அடித்தது. நடுவில் உள்ள மாதா படத்துக்கு மூலம், கியோக்கெட்டியின் தாய் கொடுத்தனுப்பிய சிறிய பக்திப் படம். அதில் குழந்தை இயேசுவின் கையில் ஒலிவக் கிளை இருக்கிறது.

போர் முடியும் தறுவாயில் மற்றவர்கள் கிளம்பியபோது, முடியாமல் கிடந்த ஞானஸ்நானத் தொட்டியை முடிக்க இவர் பின்தங்கினார். 1960இல் திரும்பி வந்து தம் கையாலேயே வண்ணங்களைப் புதுப்பித்தார். 1964இல் மனைவியோடு வந்து 14 சிலுவைப்பாதை நிலைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். 1999இல் காலமானார். ஒரு காலத்துப் பகைநாட்டுத் தீவுக்காரர்கள்தான் இன்றைக்கும் அந்த ஆலயத்தைப் பராமரிக்கிறார்கள்.

முகாமில் முள்கம்பியைச் சுற்றிச் சிமென்ட் பூசிச் சிலை செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருக் கெபியில் (மாதா குகையில்) உள்ள சிலையும் கம்பி, சிமென்ட்தான். கை, முக்காடு ஓரமெல்லாம் விரிசல் விட்டுப் பழுப்புத் தண்ணீர் வடிகிறது. பூசிவிட்டால் மறுபடி அதே இடத்தில் வெடிக்கிறது. என்ன செய்ய?
வாசகி, காசிமேடு

புனித ஜார்ஜ் சிலையைச் சொல்கிறீர்கள். அதற்கு எலும்புக்கூடு முள்கம்பிதான். கையில் கிடைத்தது அதுதான். முள் இருப்பதால் சிமென்ட் நன்றாகப் பிடிக்கவும் செய்யும். ஆனால் கடற்கரையில் கம்பியும் சிமென்ட்டும் சேர்ந்தால் உங்கள் கெபிக்கு வந்த வியாதி எங்கேயும் வரும்.

காரணம் உப்பு. கடல் காற்றில் வரும் உப்பு, பூச்சின் நுண்துளை வழியாகக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்குமேல் இடம் கேட்கும். அது உள்ளிருந்து நெம்பும்போதுதான் பூச்சு வெடிக்கிறது. விரிசல் எப்போதும் கம்பி போகும் கோட்டிலேயே வருவதைக் கவனியுங்கள். துருவை விட்டுவிட்டு மேலே பூசுவதால்தான் ஒவ்வொரு திருவிழாவுக்கும் இந்தச் செலவு.

முதலில் சின்னச் சுத்தியால் சிலை முழுக்க மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி வருகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, அதுவரைக்கும் பெயர்த்தெடுங்கள். கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுனி நுழைய வேண்டும், சுமார் 20 மி.மீ. முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்தால் பின்பக்கத் துரு வேலையைத் தொடரும். கம்பி பிரஷ்ஷால் வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து, கால்வாசிக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டுங்கள். நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, துத்தநாகம் கலந்த துருத் தடுப்புப் பூச்சு. பழைய சிமென்ட்டில் லேடக்ஸ் ஒட்டுத் திரவம் தடவி, அது பிசுக்காக இருக்கும்போதே கலவையை அப்ப வேண்டும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல். ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ. கனம் போதும். கம்பிக்கு மேல் மொத்தம் 25 மி.மீ.யாவது மூடியிருக்க வேண்டும். விரல், முக்காட்டு மடிப்பு போன்ற மெல்லிய இடங்களில் அது முடியாது. அங்கே இரும்பையே எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி வையுங்கள்.

சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் உப்பை மெதுவாகத்தான் உள்ளே விடும், அதை வாங்குங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது. உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு, கலவைக்கும் நீராற்றவும் அதை எடுக்காதீர்கள். ஈரச் சாக்கு சுற்றிப் பத்து நாளாவது நனைத்து, நாலு வாரம் காயவிட்ட பிறகே பெயின்ட். எனாமல் பளபளவென்று இருக்கும், ஆனால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற முடியாமல் கொப்புளம் விடும். வெளிச்சுவர் எமல்ஷன்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காமல் பொங்கல் கழித்துத் தொடங்குங்கள்.

நவம்பர் 11 அன்று போர் நினைவு நாளும் புனித மார்ட்டின் திருநாளும் சேர்ந்து வருவது தற்செயலா?
வாசகர், கொருக்குப்பேட்டை

தற்செயல்தான். பிரான்ஸின் தூர் நகர் ஆயர் மார்ட்டின் 397ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பட்ட நாள் அது. முதல் உலகப் போர் 1918இல் அதே தேதியில் நின்றது. ஆனால் பொருத்தம் உண்மையானது. ரோமப் படைவீரராக இருந்த மார்ட்டின் சண்டையிட மறுத்தார்; கோழை என்று பழித்தபோது, ஆயுதமில்லாமல் முன்வரிசையில் நிற்கத் தயார் என்றார். ஓவியர்கள் அங்கியைப் பிச்சைக்காரருக்கு வெட்டிக் கொடுக்கும் காட்சியையே திரும்பத் திரும்ப வரைகிறார்கள். அந்த மறுப்பையும் யாராவது நம் ஊர் ஆலயச் சுவரில் வரைய வேண்டும்.

நாகசாகியில் நாகாய் என்ற டாக்டர் இருந்தாராமே? அவர் ராணுவத்திலும் இருந்தவரா?
வாசகி (செவிலியர்), பழைய வண்ணாரப்பேட்டை

ஆமாம். தகாஷி நாகாய், 1908இல் பிறந்தவர், எக்ஸ்ரே மருத்துவர். 1933–34இல் மஞ்சூரியாவிலும், 1937 முதல் 1940 வரை சீனாவிலும் ஜப்பானியப் படையில் பணியாற்றினார். இடையில் 1934இல் ஞானஸ்நானம் பெற்றார். 1945 ஜூனில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு விழுந்தபோது அவர் இருந்த மருத்துவமனை சுமார் 700 மீட்டர் தூரத்தில் இருந்தது. காயத்தோடு மற்றவர்களுக்குச் சிகிச்சை செய்தார். வீட்டில் இருந்த மனைவி மிதோரி இறந்துபோயிருந்தார்.

1948 முதல் இரண்டு தாதாமிப் பாய் விரிக்கிற அளவே உள்ள குடிலில், ஏறக்குறைய ஆறுக்கு ஆறு அடியில், இரண்டு குழந்தைகளோடு வாழ்ந்தார். மல்லாந்து படுத்தபடியே எழுதினார், தூரிகையால் மாதா படங்கள் வரைந்தார். பரிசாக வந்த பணத்தில் 1,000 செர்ரிக் கன்றுகள் வாங்கி, எரிந்துபோன உரகாமி பகுதியில் நடக் கொடுத்தார். 1951 மே 1 அன்று இறந்தார்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1945 நவம்பரில் நடந்த நினைவுத் திருப்பலியில், இறந்தவர்களைக் கடவுளுக்குச் செலுத்திய தகனபலி என்று பேசினார். துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது ஆறுதல் தந்தது. அதே பேச்சு, குண்டு போட்டவர்களையும் போரைத் தொடங்கியவர்களையும் பொறுப்பிலிருந்து தப்பவிடுகிறது என்று பின்னால் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறோம். அதனால் அவருடைய தொண்டு சிறுத்துவிடாது.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவருடைய கறுப்புத் தகர டிரங்குப் பெட்டி மூடியின்மேல், ஒலிவக் கிளையோடு மாதா படத்தைப் பழைய முட்டைக்கரு முறையில் வரைய ஆசை. வரையலாமா?
வாசகர், வியாசர்பாடி

தகரத்தின்மேல் நேரடியாக வேண்டாம். முட்டைக்கரு வண்ணத்துக்கு உறிஞ்சும் சுண்ணத் தளம் வேண்டும். தகரமோ வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். தளம் ஒரே கோடையில் தகடு தகடாகக் கழன்றுவிடும். மூடியில் அப்பாவின் படை எண் எழுதியிருந்தால் அதை அழிப்பதும் சரியல்ல. பலகையில் வரைந்து, மூடியின் உட்பக்கம் பொருத்துங்கள். பெட்டியைத் திறந்தால் படம் நிமிர்ந்து நிற்கும்.

12 மி.மீ. மரைன் பிளைவுட் எடுங்கள், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து. தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரம் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கை பொறுக்கிற சூட்டைத் தாண்டிச் சற்றே, 60 டிகிரிக்குள். கொதித்தால் பசைக்குப் பலம் போய்விடும். பலகைக்கு இரண்டு பக்கமும் ஒரு கை தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் வளையும். பழைய வேட்டித் துணியை அதே பசையில் நனைத்து ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு மீதிப் பசையின் எடையில் ஒன்றரை மடங்கு சலித்த சாக் பவுடரைத் தூவித் தானாக அமிழவிடுங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி ஏறி ஊசித்துளை விழும். எட்டுக் கை, ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக. ஃபேனுக்கு அடியிலோ வெயிலிலோ காயவைக்காதீர்கள்.

மேல் அடுக்கில் பசை கூடினால் விரிசல் விடும். விரலில் மாவாக ஒட்டினால் பசை குறைவு, அல்லது கொதித்துவிட்டது. மழைக்காலத்தில் கரைத்த பசை இரண்டாம் நாளே நாறும், அன்றன்றைக்குக் கரையுங்கள். கடைசியில் 220, பிறகு 400 எண் உப்புத்தாள்.

மஞ்சள் கருவை உள்ளங்கையில் உருட்டி, தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்தி, உள்ளிருப்பதை மட்டும் வடித்து, அதே அளவு தண்ணீரும் சில துளி வினிகரும் சேருங்கள். தண்ணீரில் குழைத்த வண்ணப்பொடிக்குச் சரிபங்கு இது. கண்ணாடியில் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டுப் பிளேடால் சுரண்டுங்கள். தோலாக உரிந்தால் சரி, பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. முடித்து ஆறு மாதம் வார்னிஷ் பக்கம் போகாதீர்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். கருவுக்கும் பசைக்கும் பூஞ்சை சீக்கிரம் வரும்.

அமெரிக்காவில் ஆவணங்களை எரித்த பாதிரியார் பிலிப் பெரிகனும் போர்வீரர்தானா?
வாசகர், கொடுங்கையூர்

ஆமாம், இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1968 மே 17 அன்று கேட்டன்ஸ்வில் ஊரில் அவர் உட்பட ஒன்பது பேர், வியட்நாம் போருக்கான 378 ஆள்சேர்ப்புக் கோப்புகளை வெளியே எடுத்துவந்து எரித்தார்கள். எரித்துவிட்டு ஓடவில்லை, ஜெபித்தபடி போலீசுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் டாம் லூயிஸ் ஓவியர். செய்ததற்கு வெளிப்படையாகப் பொறுப்பேற்பது, அது அவர்கள் கணக்கு. பெரிகன் உட்படப் பலர் சிறைக்கும் போனார்கள்.

எங்கள் பங்கு இளைஞர்கள் முன்னாள் ராணுவத்தினரை அழைத்து அமைதி பற்றிப் பேசவைக்க விரும்புகிறோம். எப்படி நடத்துவது?
வாசகர்கள், திருவொற்றியூர்

தேதிக்கு செப்டம்பர் 22ஐ யோசியுங்கள். 1914இல் அந்த இரவுதான் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. போர் நம் வாசலுக்கு வந்த நாள்.

மூன்று பேருக்குமேல் பேச அழைக்காதீர்கள். மேடை, பொன்னாடை வேண்டாம். வட்டமாக நாற்காலி போடுங்கள். ஐயாமார்களுக்குக் கதவருகே இடம் கொடுங்கள், நடுவில் எழுந்துபோகத் தோன்றினால் யாரும் பார்க்காமல் போகலாம். வரவேற்புக்கு வெடி கூடாது. "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்று எந்தப் பிள்ளையும் கேட்காதபடி முன்னாலேயே சொல்லிவையுங்கள். "அங்கே என்ன சாப்பிட்டீங்க ஐயா, கடிதம் எப்போ வரும்" என்று தொடங்கினால் மீதியை அவர்களே சொல்வார்கள். போனில் பதிவு செய்வதானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிறகு மனம் மாறினால் அழிக்கவும் ஒத்துக்கொள்ளுங்கள்.

1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையைச் சேர்ந்தவர் வரலாம். புழல் அகதி முகாமிலிருந்து ஈழத் தமிழ்க் குடும்பங்களும் வரலாம். அப்படியானால் இரு தரப்பையும் தனித்தனியே முன்கூட்டிச் சந்தித்து, யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். ஒரு தரப்பு தயங்கினால் இந்த வருடம் தனித்தனியாகவே நடத்துங்கள். ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்கும் அவசரத்தில் யாருடைய காயத்தையும் கிளறிவிடாதீர்கள்.