உப்புக்காற்றில் இற்றுப்போன கைப்பிடி: விடுதிக்காரர் பொறுப்பா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மேடைக் கச்சேரிகளில் பாடுவான். ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்த விடுதி அறையில் தங்கினான். ராத்திரி பால்கனியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது, சாய்ந்திருந்த கைப்பிடிக் கம்பி அடியோடு பெயர்ந்து, இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டான். மூன்று வாரம் ஆகிறது. போலீசார் சந்தேக மரணம் என்று மட்டும் பதிந்திருக்கிறார்கள். விடுதிக்காரர்களோ, "குடிச்சிருந்தான், அவனா விழுந்தான்" என்கிறார்கள். உடைந்த இடத்தில் புதுக் கம்பியும் போட்டுவிட்டார்கள். "அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அறையில் எழுதி ஒட்டியிருக்கிறதாம். இப்போது ஊர்ப் பெரியவர்கள் மூலம் 2 லட்சம் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். அப்பா இல்லை; அம்மாவும் நானும்தான். லியாம் பெய்ன் என்ற இங்கிலாந்துப் பாடகர் ஹோட்டல் பால்கனியிலிருந்து விழுந்து இறந்த வழக்கில் ஹோட்டல்காரர்களையே விட்டுவிட்டார்கள், உங்களால் என்ன செய்ய முடியும் என்று தம்பியின் கூட்டாளிகள் கேட்கிறார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா?
(ஒரு அக்கா, மண்டபம் பக்கம்)

பதில்: அன்புச் சகோதரி, அந்தத் தாளில் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டாம், நீங்களும் போட வேண்டாம். பெரியவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மரியாதையாக, "வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவிடுங்கள்.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் குற்ற வழக்கு அதனால் முடியாது. வழக்கை நடத்தாமல் இருப்பதற்காகப் பணம் என்ற ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமானது. ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டோம்" என்ற வரி நாளை இழப்பீடு கேட்கும்போது உங்கள் தாயாருக்கு எதிராக நிற்கும். காரியச் செலவுக்கு என்று ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இது முழுத் தீர்வு அல்ல என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து, உங்கள் மனதைக் கலைத்த அந்த வெளிநாட்டு வழக்கு. லியாம் பெய்ன் 2024 அக்டோபர் 16 அன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து விழுந்து இறந்தார். வயது 31. ஹோட்டல் ஊழியர் இருவர் உட்பட மூவர் மீது கவனக்குறைவால் மரணம் என்ற குற்றச்சாட்டு வந்தது. 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. போதைப்பொருள் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இருவர் மீது மட்டும் வழக்கு தொடர்ந்தது. அங்கே எழுந்த கேள்வி, நிதானத்தில் இல்லாத ஒருவரைப் பால்கனி உள்ள அறைக்குக் கொண்டுபோனது குற்றமா என்பது. கைப்பிடி உடைந்ததாக அங்கே யாரும் சொல்லவில்லை. உங்கள் தம்பி விழுந்தது கம்பி பெயர்ந்ததால். அவர்கள் நாட்டுச் சட்டம் வேறு என்பது ஒருபுறம் இருக்கட்டும், இரண்டு சம்பவங்களின் அடிப்படையே வேறு. அந்தத் தீர்ப்பை வைத்து நீங்கள் தளர வேண்டியதில்லை.

உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்தக் கம்பிதான். கடற்கரையில் கட்டடம் வைத்திருப்பவர் "இரும்பு இற்றுப்போகும் என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லவே முடியாது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. காலமெல்லாம் வர்ணம் பூசிக் காப்பாற்றிய பாலம். அதிலேயே அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அதைப் பார்த்தபடி தினமும் தீவுக்குள் போய்வருகிற ஒருவருக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆபத்தை முன்கூட்டியே உணர வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கவனக்குறைவு வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது. நம் கரையில் அதற்கு ஒரே விடைதான் உண்டு. பால்கனிக் கம்பி பொதுவாக அடியில், தளத்துக்குள் புதைந்த இடத்தில்தான் இறும். அங்கேதான் தண்ணீர் தேங்கும். துரு ஊதிச் சுற்றியுள்ள சிமெண்டைப் பிளக்கும். மேலே வெள்ளிப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். விருந்தினர் கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் விடுதி நடத்துபவர்.

புதுக் கம்பி போட்டுவிட்டார்களே என்று கலங்காதீர்கள். அதே கட்டடத்தில், அதே காலத்தில் பொருத்திய மற்ற பால்கனிக் கம்பிகள் இன்னும் இருக்கும். உறவினர் ஒருவர் முறைப்படி வாடகை கொடுத்து அங்கே அறை எடுத்து, தன் அறைப் பால்கனிக் கம்பியின் அடிப்பாகத்தைப் போட்டோவும் வீடியோவும் எடுக்கட்டும். உயரத்தை டேப் வைத்து அளக்கட்டும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு பால்கனிக் கைப்பிடி குறைந்தது 1 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. தயவுசெய்து யாரும் அதில் சாய்ந்து பார்க்க வேண்டாம். முன்பு தங்கியவர்கள் இணையத்தில் போட்ட படங்களையும் தேடிச் சேமியுங்கள். செல்போன் பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்று தேவை; எந்தக் கருவியில் எடுத்த பதிவு என்று உறுதி சொல்லும் சான்று அது. அதனால் அசல் போனை விற்கவோ அழிக்கவோ கூடாது.

இந்த வாரமே வழக்கறிஞர் மூலம் விடுதிக்கு ஒரு நோட்டீஸ் போக வேண்டும்: பெயர்ந்த கம்பி, அன்றைய சிசிடிவி பதிவு, தங்கியோர் பதிவேடு, பராமரிப்புச் செலவு ரசீதுகள் எதையும் அழிக்கக்கூடாது என்று. சிசிடிவி சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். போலீஸ் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) உடைந்த கம்பியைப் பற்றி எழுதியிருக்கிறார்களா, கம்பியைக் கைப்பற்றினார்களா என்று பாருங்கள்.

போலீசார் இப்போது பதிந்திருப்பது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194ஆம் பிரிவின் கீழ் மரண விசாரணை. அதை பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம்) 106(1)க்கு, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பிரிவுக்கு மாற்றக் கேட்டு, கம்பி பெயர்ந்ததைத் தெளிவாகச் சொல்லி அம்மா எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் உச்ச தண்டனை 2 ஆண்டு; 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பிரிவில் 5 ஆண்டு. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். அங்கேயும் அசையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)இன் கீழ் குற்றவியல் நடுவரிடம் மனு. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். உரிமையாளர் அன்றைக்கே வெளியே வந்துவிட்டால் வழக்கே தோற்றுவிட்டதாக அம்மா நினைத்துவிடக் கூடாது.

குடித்திருந்தான் என்ற பேச்சுக்கு வருவோம். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் உள்ளுறுப்பு ஆய்வு அறிக்கையும் வந்தால்தான் உண்மை தெரியும். இரண்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். குடித்தே இருந்தாலும், ஆள் சாய்வதற்காகவே வைத்த கம்பி சாய்ந்ததும் பெயர்ந்தது என்பது மாறாது. அதிகபட்சம், தம்பியின் கவனக்குறைவுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைக்கக் கேட்பார்கள். இறந்த பிள்ளையின் பெயரைக் கெடுத்துத் தன் இரும்பைக் காப்பாற்றுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை.

சுவரில் ஒட்டிய அறிவிப்பும் அவர்களைக் காப்பாற்றாது. டெல்லியில் ஹோட்டல் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருடு போன வழக்கில், கார் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்துவதாகச் சீட்டில் அச்சடித்திருந்தும், தன் கவனக்குறைவுக்கு ஹோட்டல் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. காருக்கே அப்படி.

இழப்பீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அறை வாடகை நீங்கள் கட்டவில்லை என்பது தடையல்ல. பணம் கொடுத்தவர் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். மாப்பிள்ளை வீட்டார் பெயரில் அறை பதிவான ரசீதை வாங்கி வையுங்கள். எந்த ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்ற வரம்பு செலுத்திய வாடகையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது அல்ல. அதனால் பெரிய தொகையையும் மாவட்டத்திலேயே, மனுக் கட்டணம் இல்லாமல் கேட்கலாம். வழக்கு அம்மா பெயரில் இருக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மணமாகாத மகனின் முதல் நிலை வாரிசு தாய். 1855ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்திலும் பெற்றோருக்கு உரிமை உண்டு, அக்காவுக்கு இல்லை. கட்டட உரிமையாளர், குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். யார் எவர் என்று அறியவும், தாசில்தார் தரும் பொதுக் கட்டட உரிமம், அதற்கான கட்டட உறுதிச் சான்று ஆகியவற்றின் நகலுக்கும் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போடுங்கள்.

2 லட்சம் எவ்வளவு சிறிய தொகை என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. தம்பிக்கு மாதம் சராசரி 20,000 வருமானம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000, ஆண்டுக்கு 3,36,000. மணமாகாதவர் என்பதால் பாதியைச் சொந்தச் செலவுக்குக் கழித்தால் 1,68,000. 24 வயதுக்குப் பெருக்கெண் (ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண்) 18. மொத்தம் 30,24,000 ரூபாய். கோவளத்தில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டலின் நீச்சல் குளத்தில் விருந்தினர் ஒருவர் மூழ்கி இறந்த வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்த 62,50,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. பாடகருக்குச் சம்பளச் சீட்டு ஏது என்பார்கள். கச்சேரி நோட்டீஸ்கள், போனில் வந்த பணப் பரிமாற்றங்கள், குழு நடத்துபவரின் வாக்குமூலம் எல்லாம் வருமானச் சாட்சிதான், இப்போதிருந்தே திரட்டுங்கள்.

நுகர்வோர் வழக்குக்கும் மரண விபத்துச் சட்ட வழக்குக்கும் கெடு 2 ஆண்டு. பெண் என்பதால் அம்மாவுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இறப்புச் சான்று, முதல் தகவல் அறிக்கை நகல், அம்மாவின் ஆதார் ஆகியவற்றோடு ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன் 15100 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்தில் அதே நாளில் மனுக் கொடுத்துவிடுங்கள்.