60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டது. வீட்டைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். ஒரு வங்கியில் 28 லட்ச ரூபாய் வீட்டுக்கடன் வாங்கி, மாதம் 25,200 ரூபாய் வீதம் ஐந்தரை ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினோம். 20 ஆண்டுத் தவணை, 9 சதவீத வட்டி. ஆர்டர் இல்லாமல் என் கணவர் தம் தையல் யூனிட்டை மூடிய பிறகு ஐந்து தவணைகள் நின்றுவிட்டன. நடுவில் இரண்டு முறை பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டினோம். இப்போது 25 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயையும் 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்து 23 நாட்கள் ஆகின்றன. கணவர் ஒரு பனியன் கம்பெனியில் 22,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார். எனக்குச் செக்கிங் வேலையில் 13,000 கிடைக்கிறது. வீட்டுச் செலவும் பள்ளிக் கட்டணமும் 17,000 ஆகிவிடும். கையில் மகளுக்காகச் சேர்த்த 6 பவுன் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மூன்று வட்டிக்குப் பணம் தருவதாகவும், அதற்கு ஈடாக வீட்டின் பேரில் கிரய ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்கிறார். இன்னொருவர் 50,000 கொடுத்தால் உடனே ஸ்டே வாங்கித் தருவேன் என்கிறார். 60 நாள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிடுவார்களா? என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அறுபத்தோராவது நாள் காலையில் யாரும் வந்து உங்களை வெளியேற்ற முடியாது. உங்களுக்கு வந்திருப்பது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழான கேட்பு நோட்டீஸ். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன் பிறகு, நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தின் மீது நடவடிக்கை எடுக்க இந்தச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. ஆனாலும் அது படிப்படியாகத்தான் நடக்கும். 60 நாள் முடிந்த பின் 13(4) பிரிவின்படி வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பை, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் அறிவிப்பை ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பார்கள். இது பெரும்பாலும் காகிதத்தில் எடுக்கும் அடையாளச் சுவாதீனம்தான். ஆட்கள் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்து எடுக்க வேண்டுமானால் 14-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி உத்தரவு பெறுவதே நடைமுறை. முதல் முறை விற்பனைக்கு முன் 30 நாள் அவகாசத்துடன் இன்னொரு நோட்டீஸும் தர வேண்டும். ஆகவே காலம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படி தாண்டும்போதும் உங்கள் பிடி தளரும், வங்கியின் செலவுக் கணக்கு ஏறும். மீதமுள்ள 37 நாட்கள்தாம் உங்களுக்கு மிகவும் சாதகமான நாட்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அந்த அம்மா பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த நான்கு உறைகளில் மூன்று பிரிக்கப்படவே இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததால் குங்குமக் கறை படிந்திருந்தது. நான்காவது, ஏல அறிவிப்பு. கதவில் ஒட்டியதைக் கிழித்து மடித்து எடுத்து வந்திருந்தார்கள். முதல் உறையிலிருந்த தொகையை அவர்களுடைய தம்பி ஒருவரே தந்திருக்க முடியும். 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரைதான். 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. அந்தக் குடும்பம் வந்து சேர்ந்தது அந்த நாள் கடந்த பிறகு. நீங்கள் நோட்டீஸைப் பிரித்துப் படித்து, நாளை எண்ணி, கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். அதுவே பாதி வேலை.

அடுத்து, நோட்டீஸில் கண்ட 25 லட்சத்து 20 ஆயிரத்தைப் பற்றி. முழுக் கடனையும் கேட்க வங்கிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் நிலுவையில் உள்ள அசலும் வட்டியும் முழுவதுமாகக் கட்டப்பட்டால் கணக்கை வாராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுக்கடன்களில் பெரும்பாலான வங்கிகள் அதற்குச் சம்மதிக்கவும் செய்கின்றன. இதில் ‘முழுவதுமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டினால் போதாது என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது. நீங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கட்டிய இரண்டு பத்தாயிரமும் பாக்கியைக் குறைத்தன. கணக்கின் நிலையை மாற்றவில்லை. இனி சில்லறையாகக் கட்ட வேண்டாம். ஐந்து தவணைகளோடு, 60 நாள் முடிவதற்குள் வரவிருக்கும் ஆறாவதையும் சேர்த்தால் 1,51,200. அதில் கட்டிய 20,000 போக 1,31,200. இதன் மேல் அபராதக் கட்டணமும் நோட்டீஸ் செலவும் வரும். நீங்கள் புரட்ட வேண்டியது 25 லட்சம் அல்ல, ஏறத்தாழ ஒன்றரை லட்சம்.

நாளையே கிளைக்குச் சென்று, கணக்கை முறைப்படுத்த இன்ன தேதிக்குள் இன்ன தொகை கட்ட வேண்டும் என்று எழுத்தில் தருமாறு கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கடன் கணக்கு அறிக்கையையும் வாங்கி, அபராதக் கட்டணம் என்ற வரியைத் தேடுங்கள். 2024 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டி விகிதத்தோடு கூட்டக் கூடாது. தனிக் கட்டணமாகவே போட வேண்டும். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றவும் கூடாது. ஏற்றியிருந்தால் அதையும் எழுத்தில் சுட்டிக் காட்டுங்கள்.

எங்கே எழுதுவது என்றால், சட்டத்தின் 13(3அ) பிரிவு அதற்காகவே இருக்கிறது. நோட்டீஸைப் பெற்றவர் தம் ஆட்சேபத்தையோ கோரிக்கையையோ எழுதி அனுப்பினால், வங்கி அதைப் பரிசீலிக்க வேண்டும். ஏற்க முடியாதென்றால் 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். வழக்கறிஞர் நடை தேவையில்லை. ஐந்தரை ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியதையும், யூனிட் மூடியதையும், இப்போது இருவருக்கும் சம்பளம் வருவதையும் சொல்லி, சம்பளச் சீட்டுகளை இணைத்து, எந்தத் தேதிக்குள் நிலுவை முழுவதையும் கட்டுவீர்கள் என்பதைத் திட்டவட்டமாகக் குறிப்பிட்டு, தவணையைக் குறைத்துத் தருமாறு கேளுங்கள். நோட்டீஸில் கையெழுத்திட்டுள்ள அங்கீகரிக்கப்பட்ட அலுவலரின் முகவரிக்கு போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒன்று அனுப்புங்கள். கிளையில் ஒன்று கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பின்னாளில் கடன் வசூல் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால் அந்த முத்திரை உங்களுக்காகப் பேசும்.

பணத்துக்கு வருவோம். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 ரூபாய் வட்டியாகவே போகும். அசல் அப்படியே நிற்கும். அதைவிட ஆபத்தானது அவர் கேட்கும் கிரய ஒப்பந்தம். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று 13(13) பிரிவு தடுக்கிறது. ஏற்கெனவே ஒருவரிடம் அடமானத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்னொருவரிடம் கையெழுத்துப் போட்டால், நாளை இரண்டு பேரிடமும் பதில் சொல்ல வேண்டி வரும். தயவுசெய்து அதில் கையெழுத்திடாதீர்கள்.

50,000 ரூபாய் ஸ்டே ஆசாமியையும் விட்டுவிடுங்கள். 13(2) நோட்டீஸ் வந்த நிலையில் தீர்ப்பாயத்தில் மனுப் போடவே வழியில்லை. 13(4) நடவடிக்கை தொடங்கிய பிறகு, 45 நாட்களுக்குள், 17-ஆம் பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். உங்கள் பகுதிக்குக் கோயம்புத்தூரில் இருக்கிறது. சிவில் நீதிமன்றம் இதில் தலையிட முடியாது. தீர்ப்பாயம் இருக்க நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போவதை உச்ச நீதிமன்றம் 2010 முதல் பல தீர்ப்புகளில் கண்டித்திருக்கிறது. தீர்ப்பாயத்திலும் பார்ப்பது வங்கி விதிப்படி நடந்ததா என்பதைத்தான். வருமானம் இல்லை என்பது மட்டும் அங்கே வாதமாக நிற்காது. அந்த நிலை வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குச் செல்லுங்கள். பெண் என்ற முறையில், வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் பெற உங்களுக்குத் தகுதி உண்டு.

பவுனை என்ன செய்வது என்பதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. அடகு வைக்க வேண்டாம். வேண்டிய அளவுக்கு விற்றுவிடுங்கள். அடகு வைத்தால் வீட்டுத் தவணையோடு நகை வட்டியும் மாதாமாதம் சேரும், இரண்டையும் தாங்கும் வருமானம் இன்று உங்களிடம் இல்லை. நிலுவைக்கு ஒன்றரை லட்சம், அடுத்த இரண்டு தவணைகளுக்குக் கையிருப்பாக 50,000, ஆக இரண்டு லட்சம் தேவை. அன்றைய விலையில் எத்தனை பவுன் அதற்குச் சரியாகும் என்று பார்த்து அதை மட்டும் கொடுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள். மகளுக்கென்று குருவி சேர்த்தாற்போலச் சேர்த்ததை எடுப்பது எத்தனை வலி என்பது எனக்குத் தெரியும். அந்த மகள் குடியிருப்பதும் இந்த வீட்டில்தானே.

ஆனால் நகையை விற்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். நிலுவையை அடைத்த பிறகு மாதாமாதம் கட்ட முடியுமா? இருவர் சம்பளம் 35,000, செலவு 17,000, மிஞ்சுவது 18,000. தவணையோ 25,200. மாதம் 7,200 துண்டு விழுகிறது. இது சரியாகாமல் நகையை விற்றால் ஆறு மாதத்தில் நகையும் இருக்காது, நோட்டீஸும் மறுபடி வரும்.

சரி செய்ய இரண்டு வழிகளைப் பாருங்கள். நிலுவை அடைந்ததும் அசல் பாக்கி சுமார் 24 லட்சமாகவும், தவணைகள் 168 ஆகவும் இருக்கும். அதை மறுபடி 240 மாதங்களாக நீட்டினால், 9 சதவீதத்திலேயே தவணை சுமார் 21,600 ஆகக் குறையும். வட்டியையும் பாருங்கள்: 2025-இல் மட்டும் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 6.50-இலிருந்து 5.25 சதவீதமாக இறங்கியது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததா, அப்படியானால் இந்தக் குறைப்பு உங்கள் கணக்குக்கு வந்ததா என்று கேளுங்கள். வட்டி குறையும்போது பல வங்கிகள் தவணைத் தொகையை அப்படியே வைத்து மாதங்களைக் குறைத்துவிடும். உங்களுக்கு வேண்டியது தவணைத் தொகை குறைவது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். 8 சதவீதத்தில் 240 மாதம் என்றால் தவணை சுமார் 20,100. நீட்டிப்பு இலவசமல்ல, 9 சதவீதத்திலேயே நின்றால் மொத்தத்தில் ஒன்பதரை லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள், கடன் மறுசீரமைப்பு என்ற குறிப்பும் உங்கள் சிபில் அறிக்கையில் ஏறும். வருமானம் நிமிர்ந்ததும் கூடுதலாகக் கட்டி மாதங்களைக் குறைத்துக்கொள்ளலாம். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டத் தனிநபருக்கு அபராதம் கிடையாது.

இன்னொரு வழி, வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது. மாடியோ பின்கட்டோ இருந்து 7,000 வந்தால், 21,600 தவணையிலும் மாதம் 3,400 மிஞ்சும். ஆனால் முன்னே சொன்ன தடை வாடகைக்கும் பொருந்தக் கூடியது. கணக்கு முறையானதை எழுத்தில் வாங்கிய பிறகே ஆள் வையுங்கள். அல்லது உங்கள் கடிதத்திலேயே அதற்கும் சம்மதம் கேட்டுவிடுங்கள்.

வங்கி தவணையைக் குறைக்க மறுத்து, வாடகைக்கும் வழியில்லை என்றால், உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது நகையைத் தொடாமல், வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு நீங்களே வீட்டை விற்பது நல்லது. நீங்கள் ஆள் பார்த்து விற்கும் விலை பெரும்பாலும் ஏலத்தில் வராது. கடன் போக மிஞ்சுவது உங்கள் கையில் நிற்கும். ஏலத்திலும் மிச்சத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்பதே சட்டம். அங்கே மிச்சம் விழுவதுதான் அரிது. ஆனால் நீங்கள் தந்திருக்கும் கணக்கின்படி அந்த நிலைக்கு இன்னும் போகவில்லை.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது. மீறினால் தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் குறித்து வைத்து முதலில் வங்கிக்கு எழுதுங்கள்; 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யாரேனும் இருந்தால் அவருக்கும் இதே நோட்டீஸ் போயிருக்கும். அவர் அதைத் தபால்காரரிடம் திருப்பி அனுப்பிவிடுவதற்கு முன், இன்று மாலையே நேரில் போய் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.