டவுன்லோடு எங்கே நிற்கிறது? பிரவுசர் கேள்வி பதில்

"டவுன்லோடு ஆகவில்லை" என்று மட்டும் பலர் எழுதியிருக்கிறீர்கள். தொடங்கவே இல்லையா, பாதியில் நின்றதா, முழுதாக இறங்கியும் ஃபைலைக் காணவில்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. விண்டோஸில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எதுவானாலும் கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். டவுன்லோடு பட்டியல் வரும். அதில் ஃபைல் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, குரோமில் டவுன்லோடு பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. அதே லிங்க் நண்பனின் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது. குரோமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. சிங்க் (கூகுள் கணக்கில் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வசதி) ஆன் செய்திருந்தால் பழைய எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) செட்டிங்ஸும் அப்படியே திரும்பி வந்துவிடும், கஷ்டப்பட்டதுதான் மிச்சம். முதலில் அதே லிங்க்கை குரோமின் இன்காக்னிட்டோ என்ற தனி விண்டோவில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதித்திருந்தால் ஒழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது, பழைய குக்கீகளும் (தளங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்புகள்) இருக்காது. (லாகின் கேட்கும் தளம் என்றால் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும்.)

அங்கே இறங்கினால் எக்ஸ்டென்ஷன் மீதுதான் முதல் சந்தேகம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஆன் செய்து சோதியுங்கள். விளம்பரத் தடுப்பான், டவுன்லோடு மேனேஜர் இரண்டையும் முதலில் பாருங்கள். எக்ஸ்டென்ஷனில் குற்றம் இல்லையென்றால் அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு தளம் அடுத்தடுத்து பல ஃபைல்களை இறக்கப் பார்த்தால் குரோம் அனுமதி கேட்கும். அப்போது அவசரத்தில் "பிளாக்" அழுத்தியிருந்தால் அது நினைவில் இருக்கும். முகவரிப் பட்டையின் இடது ஓரத்து ஐகானை அழுத்தி, சைட் செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ் என்பதை மாற்றுங்கள்.

கேள்வி: பட்டியலில் "வைரஸ் ஸ்கேன் ஃபெயில்டு" என்று வருகிறது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இறக்கலாமா சார்?

பதில்: தயவுசெய்து அணைக்காதீர்கள். ஃபைலில் வைரஸ் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கம்ப்யூட்டரில் உள்ள பாதுகாப்பு மென்பொருள் ஃபைலைச் சோதிக்கும் இடத்தில் ஏதோ தடங்கல். அந்த மென்பொருளை அப்டேட் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். "வைரஸ் டிடெக்டட்" என்று வந்தால் கதையே வேறு. அந்த ஃபைலை விட்டுவிட்டு, மென்பொருளைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

கேள்வி: 6 ஜிபி ஃபைலை நேரடியாக பென் டிரைவில் சேமிக்கிறேன். 4 ஜிபி வந்ததும் நின்றுவிடுகிறது. டிரைவில் 20 ஜிபிக்கு மேல் இடம் இருக்கிறது.

பதில்: நெட், பிரவுசர் இரண்டிலும் குறை இல்லை. டிரைவ் ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அந்த முறையில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் பாருங்கள், தெரியும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

கேள்வி: பாதியில் நின்றதை ரெஸ்யூம் கொடுத்தால் சில தளங்களில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, சில தளங்களில் முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே?

பதில்: அது சர்வரை, அதாவது ஃபைலை அனுப்பும் தளத்தின் கம்ப்யூட்டரைப் பொறுத்தது. ஃபைலின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் தரத் தெரிந்த சர்வர் விட்ட இடத்திலிருந்து தரும். மற்றவை முதலிலிருந்துதான். சில லிங்க்குகளுக்குக் கெடு உண்டு. கெடு முடிந்துவிட்டால் ரெஸ்யூம் பலிக்காது, பக்கத்துக்குப் போய் புது லிங்க் எடுக்க வேண்டும். அப்புறம், ஃபோல்டரில் சிஆர்டவுன்லோடு என்று முடியும் ஃபைல் குரோம் இறக்கிக்கொண்டிருக்கும் அரைகுறை ஃபைல். ஃபயர்பாக்ஸில் அது பார்ட் என்று முடியும். பெயரை மாற்றினால் முழுசாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். ஆகாது. பெரிய ஃபைல் இறங்கும்போது கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பிடிஎஃப் டவுன்லோடு ஆகாமல் பிரவுசரிலேயே திறக்கிறது.

பதில்: திறந்த பக்கத்தின் மேலே கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும், அதை அழுத்தினால் சேமிக்கும். எப்போதுமே இறங்க வேண்டுமென்றால் குரோம் சைட் செட்டிங்ஸில் பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ் பகுதியில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அலுவலகக் கம்ப்யூட்டரில் எந்தத் தளத்திலும் எதுவும் இறங்குவதில்லை. வீட்டில் பிரச்சினையே இல்லை.

பதில்: குரோம் மெனுவின் கடைசியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி இருக்கிறதா? இருந்தால் டவுன்லோடை அவர்களே தடுத்து வைத்திருக்கலாம். அதை உங்கள் பக்கம் மாற்ற முடியாது. குறுக்கு வழி தேடாமல் ஐடி பிரிவிடம் கேளுங்கள். கேட்கும்போது ஃபைலின் லிங்க்கையும் டவுன்லோடு பட்டியலில் வந்த வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள், அவர்களுக்கு வேலை சுலபமாகும்.