வாசகர் கேள்வி பதில்: மோட்டார் இல்லாத நீரூற்று

கேள்வி: மின்சாரம் இல்லாமல், பிவிசி குழாய்களை மட்டும் கொண்டு தோட்டத்தில் ஒரு நீரூற்று அமைக்க விரும்புகிறேன். ஒன்றரை மீட்டர் உயர மேடையில் நூறு லிட்டர் பீப்பாய் ஒன்று இருக்கிறது. தரையை ஒட்டிய குழாயிலிருந்து நீர் ஆளுயரத்துக்கு எழும்புமா?

பதில்: எழும்பாது. பீப்பாய் எவ்வளவு பெரியது என்பதற்கும் நீர் எவ்வளவு உயரம் எழும் என்பதற்கும் தொடர்பே இல்லை. பீப்பாயிலுள்ள நீரின் மேல்மட்டம் துளையைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது ஒன்றே கணக்கு. துளையிலிருந்து வெளியேறும் நீரின் வேகம் அந்த உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும் என்பதை இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். அவ்விதியின்படி இரண்டு மீட்டர் உயர வேறுபாட்டில் நீர் விநாடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர் வேகத்தில் வெளியேறி, உராய்வே இல்லாவிட்டால், அதே இரண்டு மீட்டருக்கு எழ வேண்டும். ஆனால் குழாயும் வளைவுகளும் காற்றும் ஆளுக்கொரு பங்கு பிடித்துக்கொள்வதால், அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். பீப்பாய் நிறைந்திருக்கும்போது உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் வேறுபாடு கிடைக்கும்; நீர் வடிய வடிய அது ஒன்றரை மீட்டராகக் குறையும். ஆகவே மார்பளவில் தொடங்கி இடுப்பளவுக்கு இறங்கும் ஊற்றை எதிர்பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் ஓடும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளை, இந்த உயரத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டரை வெளியேற்றும். எனவே நூறு லிட்டர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அழகுக்காக ஆறு துளைகள் இட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் பீப்பாய் காலியாகிவிடும்.

கேள்வி: பீப்பாயிலிருந்து பத்து மீட்டர் தொலைவுக்கு மெல்லிய ஹோஸ் இழுத்து, அதன் முனையில் பிவிசி வளையம் ஒன்றைப் பொருத்தி இருபது துளைகள் இட்டேன். நீர் ஒரு சாண்கூட எழவில்லை. துளைகளைப் பெரிதாக்கியபின் இன்னும் தாழ்ந்துவிட்டது. ஏன்?

பதில்: குற்றம் துளையில் இல்லை, ஹோஸில் இருக்கிறது. ஒரே அளவு நீர் ஓடும்போது, குழாயின் உள்விட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ 32 மடங்காகிவிடும். நீங்கள் துளையைப் பெரிதாக்கியதும் ஹோஸில் நீரோட்டம் கூடியது, உராய்வும் கூடியது, துளைவரை வந்து சேர்ந்த அழுத்தம் மேலும் குறைந்தது. பெருவழியில் வந்து சிறுவாசலில் நுழைய வேண்டிய நீர் உங்கள் அமைப்பில் தலைகீழாகப் பயணம் செய்கிறது. ஆகவே பீப்பாயிலிருந்து ஊற்றுவரை குறைந்தது ஓர் அங்குலக் குழாயைப் போடுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உட்பரப்பில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. குழாயின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் துளை ஒவ்வொன்றும் 7 சதுர மில்லிமீட்டர். பத்துத் துளைகள் தாராளமாக இடலாம்.

வழியில் குழாய் எங்கேனும் மேடாக வளைந்திருந்தால் அங்கே காற்று தங்கி ஓட்டத்தையே நிறுத்திவிடும். குழாயை ஒரே சரிவாக இறக்குவதே இதற்கு மருந்து. துளையிட்டபின் விளிம்பில் நிற்கும் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் நீர் நேராக எழாமல் சிதறும்.

கேள்வி: விழும் நீர் தானாகவே மேலேறி மீண்டும் பீப்பாய்க்குப் போகுமாறு அமைத்துவிட்டால் என்ன?

பதில்: இக்கேள்வி வராத மாதமே இல்லை. விழுந்த நீர் தன் வலிமையால் தான் புறப்பட்ட உயரத்துக்கு முழுவதுமாகத் திரும்பாது. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோனின் பெயரால் வழங்கும் ஊற்று அப்படி ஒரு மயக்கத்தைத் தரும். மேலே திறந்த தட்டு, கீழே காற்றுப் புகாத இரு கலங்கள். தட்டின் நீர் அடிக்கலத்தில் இறங்க, அங்கிருந்த காற்று குழாய் வழியே நடுக்கலத்துக்குச் சென்று, அதிலுள்ள நீரை அழுத்தித் தட்டின் நடுவே பீச்சியடிக்கச் செய்யும். தட்டில் விழுந்த நீரே மீண்டும் எழுவதுபோலத் தோன்றினாலும், எழுவது நடுக்கலத்து நீர். அது தீர்ந்ததும் ஊற்று நின்றுவிடும். பிளாஸ்டிக் புட்டிகளில் செய்து பார்க்க நல்ல விளையாட்டு, அவ்வளவுதான். தோட்டத்துக்கு நான் சொல்வது வேறு: தொட்டியின் விளிம்பில் ஒரு வழிகால் வைத்து, ஊற்றில் விழும் நீரைப் பூம்பாத்திக்குத் திருப்புங்கள். செடிகளுக்கு ஊற்ற வேண்டிய நீர்தான் போகும் வழியில் ஊற்றாக ஆடிவிட்டுப் போகிறது என்றால், பீப்பாயை மறுபடி நிரப்புவது வீண் உழைப்பாகத் தோன்றாது.

கேள்வி: இணைப்புகளை ஒட்ட வேண்டுமா?

பதில்: முதலில் ஒட்டாமல் பொருத்தி ஓட்டிப் பாருங்கள், இவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கு இறுகப் பொருந்திய இணைப்பே பெரும்பாலும் தாங்கும். உயரமும் துளைகளும் மனத்துக்குப் பிடித்தபின் சால்வென்ட் சிமென்ட் தடவலாம். ஆனால் கடைசி மூடியை மட்டும் ஒட்டாதீர்கள். துளை அடைத்துக்கொள்ளும் நாளில் அதைக் கழற்றித்தான் மண்ணை வெளியேற்ற முடியும்.