'டுவர்ட்ஸ்' போட்டால் பணம் முழுவதும் கட்டியதாகுமா?

கேள்வி: மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். இந்தப் பருவத்துக்கான கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டு, தொகையைக் குறிப்பிட்டு 'டுவர்ட்ஸ் த டியூஷன் ஃபீ' என்று கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'மீதியை எப்போது கட்டுவீர்கள்?' என்று பதில் வந்திருக்கிறது. நான் எழுதியது தவறா? டுவர்ட், டுவர்ட்ஸ் இரண்டில் எது சரி?

பதில்: இலக்கணப்படி தவறில்லை. ஆனால் நீங்கள் ஒரு பகுதியைத்தான் கட்டியிருக்கிறீர்கள் என்று அந்தச் சொல் அவர்களை நினைக்க வைத்துவிட்டது.

டுவர்ட்ஸ் திசையைக் காட்டும், போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது. 'ஷீ வாக்ட் டு த ஸ்டேஷன்' என்றால் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். 'ஷீ வாக்ட் டுவர்ட்ஸ் த ஸ்டேஷன்' என்றால் ஸ்டேஷன் பக்கமாக நடந்தாள், அவ்வளவுதான். பாதி வழியில் திரும்பியும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் கடைசியில் நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். டு வரும் வாக்கியத்தில் 'இன் டென் மினிட்ஸ்' இயல்பாக ஒட்டும்: பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். டுவர்ட்ஸ் வந்தால் 'ஃபார் டென் மினிட்ஸ்'தான் பொருந்தும்: பத்து நிமிடம் அந்தப் பக்கமாக நடந்தாள்.

நேரத்தைச் சொல்லும்போதும் இதே கதைதான். 'டுவர்ட்ஸ் சிக்ஸ்' என்பதை நாம் 'ஆறு மணிவாக்கில்' என்று புரிந்துகொள்கிறோம். ஆறு மணிவாக்கில் வருகிறேன் என்றவர் ஆறேகாலுக்கு வந்தாலும் நாம் குறை சொல்வதில்லை. ஆனால் டுவர்ட்ஸ் சிக்ஸ் என்றால் ஆறு இன்னும் ஆகவில்லை, ஆகப்போகிறது. முன்பின் இரண்டும் அடங்க வேண்டுமானால் 'அரவுண்ட்' போடுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். கல்யாணத்துக்கு மாமா 50,000 ரூபாய் 'டுவர்ட்ஸ் த வெட்டிங்' தந்தார் என்றால், செலவில் ஒரு பங்கைத் தந்தார் என்றுதான் ஆங்கிலம் பேசும் நாட்டினர் எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர் ரசீதுகளில் இந்தச் சொல் அச்சாகியே வரும். அங்கே 'இந்தக் கணக்கில் வரவு' என்பதுதான் பொருள், முழுத் தொகைக்கும் அப்படித்தான் எழுதுவோம். நமக்குள் குழப்பமில்லாத வழக்கம் அது, அதை மாற்றவே வேண்டாம். வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் 'ஐ ஹேவ் பெய்ட் த டியூஷன் ஃபீ இன் ஃபுல்' என்று எழுதுங்கள். இன் ஃபுல் என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அந்த எஸ். இரண்டுமே சரிதான், பொருளிலும் வேறுபாடில்லை. பிரிட்டனில் பெரும்பாலும் டுவர்ட்ஸ், அமெரிக்காவில் பெரும்பாலும் டுவர்ட். இந்தியாவில் நாம் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றுவதால் எஸ் சேர்த்தே எழுதலாம். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கல்லூரிக்கு இன்றே பதில் எழுதி, வங்கி தந்த பணப் பரிமாற்ற எண்ணையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.